பத்து வயதைத் தாண்டிய சின்னக் காரைப் பராமரிப்பது எப்படி: பெங்களூருவில் ஓட்டுவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்ற சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களும், ஊரில் அப்பா ஓட்டிய காரை ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்குக் கொண்டுவந்தவர்களும் பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். சீட் கவரும் ஸ்டீரியோவும் முதல் வாரத்திலேயே மாறிவிடுகின்றன. பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வழிகாட்டி பின்பற்றும் வரிசை இதுதான்: வண்டி நிற்க வேண்டும், சூடேறாமல் இருக்க வேண்டும், காலையில் கிளம்ப வேண்டும், சீராக இழுக்க வேண்டும். சத்தம், ஏசி, பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். பிரேக் பிடிக்காவிட்டால் உயிர் போகும், சூடேறினால் எஞ்ஜின் போகும், கிளம்பாவிட்டால் ஒரு நாள் வேலை போகும், இழுக்காவிட்டால் பெட்ரோல் காசு போகும். இழப்பின் அளவை வைத்தே இந்த வரிசை அமைந்துள்ளது; கையிருப்புப் பணம் குறைவாக இருக்கும்போது இதைக் கலைக்காமல் இருப்பது இன்னும் முக்கியம்.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

முதலில் வேண்டியது வண்டியின் ஓனர்ஸ் மேனுவல். காருடன் வந்த புத்தகம் தொலைந்திருந்தால், உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய பிரதியைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் கிரேடு, டயர் காற்றழுத்தம், டைமிங் பெல்ட் (எஞ்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் பெல்ட்) மாற்ற வேண்டிய கிலோமீட்டர் ஆகியவை மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், அடுத்தவர் ஆல்ட்டோவுக்குச் சொன்ன அளவை உங்கள் சான்ட்ரோவில் பயன்படுத்தக் கூடாது.

டிஜிட்டல் மல்டிமீட்டர், டயர் பிரஷர் கேஜ், நல்ல டார்ச், டிஸ்டில்டு வாட்டர், கையுறை, 10, 12, 14 அளவு ஸ்பேனர்கள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை வேண்டும். இவற்றுள் புதியவர்கள் அலட்சியப்படுத்துவது நோட்டுப் புத்தகத்தைத்தான். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பொருளின் பிராண்டு ஆகிய நான்கையும் எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து வேறொரு மெக்கானிக் அதே பொருளை மீண்டும் மாற்றச் சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றும் வேலை எதையும் செய்வதாக இருந்தால் ஜாக்கி மட்டும் போதாது. ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டும், சக்கரத்துக்கு அடியில் வைக்கக் கட்டையும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் வழுவழுப்பான தரையும், தண்ணீர் வடியச் சற்றே சரிவும் இருக்கும். அந்தச் சரிவில் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுவது உயிருக்கு ஆபத்து.

2. காலையில், எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு கணக்கெடுப்பு

முந்தைய இரவு, வண்டியை நிறுத்தும் இடத்தில் எஞ்ஜினுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு வையுங்கள். காலையில் சாவி போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். கறுப்பு அல்லது அடர்பழுப்புத் துளி எஞ்ஜின் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பது கூலன்ட், அதாவது எஞ்ஜினைக் குளிர்விக்கும் திரவம். சக்கரத்தின் உட்பக்கம் வெளிறிய மஞ்சளில் வழுக்கும் துளி பிரேக் ஆயில். ஏசி ஓடிய பிறகு வடியும் நிறமற்ற தண்ணீர் இயல்பானதே. அந்தத் தண்ணீர் வெளியே வராமல் முன்சீட்டுத் தரைவிரிப்பை நனைத்தால், அதன் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து பானெட்டைத் திறந்து, இந்த வரிசையில் பாருங்கள்: எஞ்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி முனைகள், பெல்ட்டுகள், ஒயர்கள். எஞ்ஜின் ஓடியவுடன் ஆயில் மேலே தங்கியிருக்கும், கூலன்ட் விரிந்திருக்கும், பேட்டரி வோல்ட் ஏறியிருக்கும். ஆகவே சூடான வண்டியில் எடுக்கும் அளவுகள் எல்லாமே தவறான படத்தைக் காட்டும்.

ஒயர்களைப் பார்க்கும்போது எலிக் கடியையும் தேடுங்கள். பேஸ்மென்ட்டில் சில நாள் அசையாமல் நிற்கும் வண்டியின் எஞ்ஜின் மேல் எலிகள் தங்குவது இந்த நகரத்தில் சர்வ சாதாரணம். புழுக்கை, கிழிந்த துணி, பாதி தின்ற பிஸ்கட் ஆகியவை தென்பட்டால், சாவி போடுவதற்கு முன் பெட்ரோல் ஹோஸையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒயர் கடிபட்டால் விளக்கு எரியாது. பெட்ரோல் ஹோஸ் கடிபட்டால் வண்டியே எரியக்கூடும்.

3. பிரேக்கும் டயரும்

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஆயிலின் கொதிநிலை குறைந்துவிடுவதால், தொப்பூர் போன்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும்போது குழாய்க்குள் ஆவிக் குமிழி உருவாகி, பெடல் சட்டென்று தொளதொளத்துப் போகும். நகரத்துக்குள் நன்றாகவே பிடித்த பிரேக் மலைச்சரிவில் கைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆயில் தேன் நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தாலோ, எப்போது மாற்றியது என்று தெரியாமல் இருந்தாலோ, டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 வகையை வாங்கி முழுவதுமாக மாற்றிவிடுங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, அளவு குறைந்திருப்பதைக் கண்டவுடன் மேலே ஊற்றி நிரப்பிவிடுவது. பேட் (சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்தும் பிரேக் கட்டை) தேயத் தேய ஆயில் மட்டம் மெல்ல இறங்கும் என்பதால், குறைந்த மட்டம் ஒரு செய்தி. முதலில் பேட் தடிமனைப் பாருங்கள்; உராய்வுப் பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். பேட் நன்றாக இருந்தும் மட்டம் குறைந்தால் எங்கோ கசிகிறது. பழைய சின்னக் கார்களில் அந்த இடம் பெரும்பாலும் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டராக இருக்கும். டிரம்மைக் கழற்றி, ரப்பர் மூடியை லேசாக விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும்.

டயரில் பட்டன் தேய்மானத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்; வயதைப் பார்ப்பவர்கள் குறைவு. டயரின் பக்கச் சுவரில் டாட் என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் முடிவில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். குறைவாக ஓடிய வண்டியில் பட்டன் 1.6 மி.மீ. எல்லைக்கு மேல் நன்றாகவே இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். அப்படிப்பட்ட டயரோடு கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்காதீர்கள். ஸ்டெப்னியின் இலக்கத்தையும் பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் அது வண்டியோடு வந்த முதல் டயராகவே இருக்கும்.

4. சூடேறுவது: இந்தக் கார்களின் எஞ்ஜினைக் கெடுக்கும் முதல் எதிரி

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எஞ்ஜினுக்குள் இருக்கும் திரவமோ நூறு டிகிரியை ஒட்டியே வேலை செய்கிறது. அதைக் கொதிக்கவிடாமல் வைத்திருப்பவை ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும், கூலன்ட்டில் கலந்துள்ள கிளைகாலும். ஆகவே ரப்பர் வளையம் வெடித்துப்போன ஒரு சிறிய மூடி எஞ்ஜினையே கொதிக்க வைக்கக்கூடும். சூடேறும் பிரச்சினையில் முதலில் மாற்ற வேண்டிய, விலை மிகக் குறைந்த பொருள் அந்த மூடிதான்.

இரண்டாவது, தண்ணீர். நகரின் பல பகுதிகளில் காவிரித் தண்ணீர் போதாமல் போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோதான் வருகிறது. அது கடினத்தன்மை மிக்கது. கீஸரின் உள்ளே படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அவசரத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டால், வீடு சேர்ந்தபின் அதை வடித்துவிட்டு, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். கடையில் ஏற்கெனவே கலந்து விற்கப்படும் கூலன்ட்டில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்க வேண்டாம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இனி, காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை. டாஷ்போர்டிலுள்ள வெப்ப மீட்டரின் முள் எப்போது ஏறுகிறது என்று முதலில் கவனியுங்கள்.

சில்க் போர்டு சந்திப்பிலோ கே.ஆர்.புரம் பாலத்திலோ நின்று நகரும்போது ஏறி, சாலை திறந்து வேகம் பிடித்தவுடன் இறங்கினால், ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கவில்லை என்று பொருள். ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கான மின்சார சுவிட்ச்), வெப்ப சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள். நகரத்தில் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டவுடன் ஏறினால், காற்று போதுமான அளவு இருந்தும் திரவம் ஓடவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப் ஆகியவையே சந்தேகத்துக்குரியவை. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஃபேனைச் சோதிக்க, திறந்த வெளியில் ஏசியை அணைத்துவிட்டு எஞ்ஜினை ஓடவிடுங்கள். முள் நடுவுக்கு வந்து, அதைத் தாண்டுவதற்குள் ஃபேன் தானாகச் சுழன்று, சிறிது நேரத்தில் நிற்க வேண்டும். சுழலாவிட்டால் எஞ்ஜினை அணைத்துவிட்டு முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். நேரடியாகக் கொடுத்தால் சுழல்கிறது என்றால் மோட்டார் நல்லது. குறை ரிலேயிலோ சென்சாரிலோ இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மோட்டாரை மாற்றியவர்கள் ஏராளம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நம் ஊர்களில் இன்னும் வழக்கத்தில் உள்ள ஒரு வைத்தியம். அதைச் செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்ஜின் உரிய வெப்பத்தை எட்டாது. எட்டாதவரை, எஞ்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கருதி கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். பெங்களூருவின் டிசம்பர் காலையில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும்.

கூலன்ட் மாற்றியபின் காற்றை வெளியேற்றுவதும் பலர் தவறவிடும் படி. மேனுவல் வேறு முறை சொல்லாவிட்டால், வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, எஞ்ஜினை ஓடவிடுங்கள். குமிழிகள் வருவது நின்று, ஹீட்டரிலிருந்து நல்ல சூடான காற்று வந்த பிறகு மட்டத்தைச் சரிசெய்து மூடுங்கள். ஹீட்டர் குளிர்ந்த காற்றைத் தந்தால் உள்ளே காற்றுப் பை இன்னும் இருக்கிறது.

வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டை (எஞ்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகிக்க வேண்டும். எஞ்ஜின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, ரேடியேட்டர் வாயில் ஓயாமல் வரும் குமிழிகள், ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் திரண்ட பசை ஆகியவை அதன் அறிகுறிகள். ஆனால் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியின் ஆயில் மூடியில் ஈரம் தங்கி லேசான வெண்பசை படிவது இயல்பு. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) வரும் ஆயில் தெளிவாக இருந்தால், ஒரு முறை நெடுந்தூரம் ஓட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். அதற்கு முன் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

வழியிலேயே முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடிகளை இறக்கி, ஓரம் கட்டுங்கள். ஹீட்டர் எஞ்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு எஞ்ஜினை நிறுத்தி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணியோடு அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள்; அழுத்தத்தில் இருக்கும் திரவம் திறந்த கணத்தில் முகத்தில் பீறிடும்.

5. காலையில் கிளம்பாத வண்டி: பேட்டரியா, செல்ஃப் மோட்டாரா, எர்த்தா?

பேட்டரியை மாற்றுவதற்கு முன் மூன்று அளவுகளை எடுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் ஏறக்குறைய காலி. இது முதல் அளவு. இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, செல்ஃப் அடிக்கும்போது பார்ப்பது இரண்டாவது, அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். எஞ்ஜின் ஓடும்போது எடுப்பது மூன்றாவது. பழைய வண்டிகளில் அது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் குறை, ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ உள்ளது. புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சில வாரத்தில் இறங்கிவிடும்.

அளவுகளோடு சத்தத்தையும் கேளுங்கள். டகடகவென்று விரைந்து அடித்தால் மின்சாரம் போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் தடித்த ஒயரையோ பாருங்கள். நன்றாகச் சுற்றியும் பற்றாமல் இருந்தால் பேட்டரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெட்ரோலோ பொறியோ வரவில்லை.

பழைய வண்டிகளில் மிக அதிகம் ஏமாற்றுவது எர்த் ஒயர். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் எஞ்ஜினுக்கும் போகும் பின்னல் ஒயரின் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறிவிடும்; மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். இதை மல்டிமீட்டர் ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்தின் மீதும், சிவப்பு முனையை எஞ்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியின் மீதும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால், செல்ஃப் மோட்டாருக்குச் சேர வேண்டிய மின்சாரம் அந்தத் துருவிலேயே வீணாகிறது. போல்ட்டைக் கழற்றி, இரு பக்கமும் எமரித் தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஹெட்லைட் மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் முள் ஆடுவது போன்ற புரியாத குறைகளும் பல சமயம் இதோடு தீர்ந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவ் என்பதால், நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரும் பொறி பறக்கும்.

இரண்டு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்குகிறது என்றால், பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, சென்ட்ரல் லாக் ஆகியவற்றின் ஒயரிங்கை முதலில் சந்தேகியுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைப் பூட்டி, சிறிது நேரம் கழித்து அளந்தால், ஓய்வில் இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தவுடன் அளவு விழுகிறதோ, திருடன் அந்தத் தடத்தில் இருக்கிறான்.

6. எஞ்ஜின் ஆயில், டைமிங் பெல்ட்

சின்ன எஞ்ஜினில் மொத்தமே மூன்று லிட்டர் அளவுக்குத்தான் ஆயில் இருக்கும். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். எனவே பழைய வண்டியில் சர்வீஸ் தேதியை மட்டும் நம்பாமல், வாரம் ஒரு முறை, சமதரையில், குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் விளக்கு எரியும்வரை காத்திருக்கக் கூடாது. அது அழுத்தம் விழுந்த பிறகே எரியும், அதற்குள் பேரிங்குகள் உலர்ந்திருக்கும்.

ஓட்டமே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் சேர்ந்தே மாற வேண்டும். நகரத்தில் எஞ்ஜின் ஓடும் நேரத்தைக் கிலோமீட்டர் சொல்வதில்லை. அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் மீட்டரில் சில கிலோமீட்டர்தான் ஏறும், ஆயிலோ ஒரு மணி நேரம் உழைத்திருக்கும். வண்டி பழையது என்பதற்காக மேனுவலில் இல்லாத தடித்த கிரேடுக்குத் தாவுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. புகையை அது சிறிது மறைக்கும், ஆனால் காலையில் முதல் சில நொடிகள் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

நீலப் புகை வரும் நேரத்தைக் கவனியுங்கள். காலையில் கிளம்பியவுடன் ஒரு முறை வந்து நின்றால் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் தேய்மானம். முன்னதோடு நெடுநாள் ஓட்டலாம். பின்னது செலவு மிக்க வேலை. எஞ்ஜினைப் பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்க அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் எஞ்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். 796 சிசி ஆல்ட்டோவிலும் பழைய சான்ட்ரோவிலும் பெல்ட். கே10 எஞ்ஜின் வந்த ஆல்ட்டோவிலும் வேகன் ஆரிலும் செயின். பெல்ட் அறுவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் தராது. பல எஞ்ஜின்களில் அது அறுந்தவுடன் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். ரப்பர் ஓடாமலும் முதுமையடையும் என்பதால், குறைவாக ஓடிய வண்டி என்று சொல்லி விற்கப்பட்டதில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுற்றும் எஞ்ஜினாக இருந்தால் பம்பையும் அப்போதே மாற்றுவது நல்லது, ஏனெனில் இரண்டுக்கும் கழற்றும் கூலி ஒன்றே.

7. உதறல், இழுவைக் குறைவு, மைலேஜ் இறக்கம்

மைலேஜ் குறைந்தது என்றவுடன் இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு ஓடாதீர்கள். முதலில் டயர் காற்று, அடுத்து சிக்கிய பிரேக். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டுங்கள்; ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த பிரேக் விடுபடவில்லை. பிறகு ஏர் ஃபில்டர், பிளக். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றுக்குப் போக வேண்டும்.

கழற்றிய பிளக்குகளை எந்த சிலிண்டரில் இருந்தவை என்ற வரிசையிலேயே அடுக்குங்கள். முனை வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஆயில் ஈரம் இருந்தால் அந்த சிலிண்டரில் ஆயில் இறங்குகிறது. வெளிறிப் போயிருந்தால் காற்று அதிகம் அல்லது சூடு அதிகம். பிளக்குகளில் ஒன்று மட்டும் வேறுபட்டிருப்பது மிகப் பயனுள்ள தகவல். அந்த வரிசையைக் கலைத்துவிட்டால் அது போய்விடும்.

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.4 (புகை வரம்பு விதியின் ஒரு நிலை) கார்களில் ஓ.பி.டி. 2 வசதி, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்த குறைகளைக் குறியீடுகளாகப் படிக்கும் வசதி உண்டு. சிறிய புளூடூத் ஸ்கேனரும் மொபைல் செயலியும் போதும். அதற்கு முந்தைய வண்டிகளில் அந்தந்த நிறுவனத்துக்குரிய ஸ்கேனர் தேவைப்படலாம். குறியீடு வந்தவுடன் அதன் பெயரிலுள்ள பொருளை வாங்கிவிடக் கூடாது. உதாரணமாக, பி0301 என்பது முதல் சிலிண்டரில் சரியாக எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் (பிளக்குக்குப் பொறி தரும் கருவி) இருக்கும் எஞ்ஜினில், முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாற்றி மாட்டி, குறியீட்டை அழித்து, ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 என்று இடம் மாறினால் காயில்தான் குறை. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், வண்டி சரியானாலும் எது காரணம் என்று தெரியாது.

ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில்) எஞ்ஜின் வேகம் ஏறி இறங்கினால், ஏர் ஃபில்டருக்குப் பின்னுள்ள வேக்யூம் ஹோஸ்களில் வெடிப்பைத் தேடிவிட்டு, பிறகு எஞ்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள்.

இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்களும் ஓரிங்குகளும் அதற்காக வடிவமைக்கப்பட்டவையல்ல. ஹோஸ் ஊறித் தடித்திருக்கிறதா, முனைகளில் வெடித்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். மாற்றும்போது எத்தனாலுக்கும் ஏற்ற, இன்ஜெக்ஷன் அழுத்தம் தாங்கும் ஹோஸையே கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துபவர்கள் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் ஓட்டித் தீர்ப்பது நல்லது. காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கு அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

8. சத்தமும் கிளட்ச்சும்

நம் சாலைகளின் ஹம்ப்புகளும் குழிகளும் முதலில் தின்பது ரப்பர் புஷ்களை. சின்ன மேடுகளில் ‘டொக் டொக்’ என்றால் லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுன்ட். பிரேக் பிடிக்கும்போது ஒரு ‘டொக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ‘கட கட கட’ என்றால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். வேகம் கூடக்கூட வளரும் ‘ஊ’ ஒலி வீல் பேரிங். ஆக்சில் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால், சத்தம் வருவதற்கு முன்பே உறையை மாற்றிவிடுங்கள். மண் உள்ளே போய்விட்டால் முழு ஜாயின்ட்டும் போகும். புஷ் வேலை முடிந்த பிறகே வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். முன்பே செய்தால் அந்தப் பணம் வீண்.

கிளட்ச்சைச் சோதிக்க, காலியான சாலையில் டாப் கியரில் மெதுவாகச் சென்று ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கேபிள் வகைக் கிளட்ச்சாக இருந்தால் முதலில் பெடலின் ஃப்ரீ ப்ளேயை (அழுத்தத் தொடங்கும்போதுள்ள வெற்று அசைவை) மேனுவல்படி சரிசெய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்; சில வண்டிகளில் அதிலேயே தீர்ந்துவிடும்.

9. மெக்கானிக்கிடம் பேசுவதும் ஸ்பேர் வாங்குவதும்

“அண்ணா, ஃபேன் மோட்டார் மாத்திடுங்க” என்று சொன்னால் அவர் மாற்றித்தான் தருவார். “அண்ணா, டிராஃபிக்ல நின்னா மட்டும் முள் ஏறுது, ஹைவேல ஏறல; ஃபியூஸ் பாத்துட்டேன், நல்லா இருக்கு” என்று சொன்னால் அவர் காரணத்தைத் தேடுவார். சிவாஜி நகர், லிங்கராஜபுரம், அல்சூர் பக்கங்களில் தமிழில் பேசும் மெக்கானிக்குகள் நிறைய உண்டு. மொழி தடையில்லை, அறிகுறியைச் சொல்வதற்குப் பதிலாகத் தீர்ப்பைச் சொல்லிவிடுவதே தடை. கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

ஸ்பேருக்கு ஜே.சி. ரோடு போகும்போது பழைய பொருளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அல்லது சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் குறித்துச் செல்லுங்கள். ஒரே மாடலில் ஆண்டின் நடுவே பொருள் மாறியிருப்பது உண்டு. பிரேக் பேட், ஆயில் ஃபில்டர், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் ஆகிய நான்கிலும் விலை பார்க்காமல் நிறுவனத்தின் பொருளையோ அதற்கே சப்ளை செய்யும் பிராண்டையோ வாங்குங்கள், பில் கேளுங்கள். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, பம்பர் போன்றவற்றைப் பழைய சாமான் கடையில் தாராளமாக வாங்கலாம்.

10. மழையும் காகிதமும்

மழையில் சாலை நிரம்பும் நாளில், சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் உள்ளே இறங்காதீர்கள். நடுவில் எஞ்ஜின் நின்றுவிட்டால் மீண்டும் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து, பிளக்குகளைக் கழற்றி, தண்ணீர் இருந்தால் வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும்.

டில்லித் தலைநகர் வட்டாரத்தில் உள்ள 15 ஆண்டுப் பெட்ரோல் கார் கட்டுப்பாடு கர்நாடகத்தில் இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி ஆர்.சி.யை ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். படிவம் 25-ஐ ஆர்.சி. முடியும் நாளுக்கு முந்தைய 60 நாள்களுக்குள் கொடுக்கலாம் என்பதால், பிரேக், விளக்கு, புகை தொடர்பான வேலைகளை அதற்கும் ஒரு மாதம் முன்பே முடித்து வையுங்கள். தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு வந்த வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே வைத்திருப்பதாக இருந்தால், ஊரின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். ஆர்.சி. முடிய இன்னும் ஓரிரு ஆண்டுகளே இருக்கும் வண்டியாக இருந்தால், மறுபதிவுக்கு ஆகும் வரி, புதுப்பிப்புக் கட்டணம், மேலே சொன்ன டைமிங் பெல்ட், பிரேக் வேலைகள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் கூட்டி, அதன் பிறகு கொண்டுவருவதா ஊரிலேயே விற்பதா என்று முடிவு செய்யுங்கள்.